பால்கோவா டப்பாவில் தூங்கிய 2 லட்சம்: காசு செலவழிக்காமல் வீட்டை அடுக்குவது எப்படி?



போன வீடியோவில் என் பின்னாடி தெரிந்த அலமாரியைப் பார்த்துட்டு, "மேடம், அந்த பாக்ஸ் எல்லாம் எங்க வாங்கினீங்க, லிங்க் குடுங்க"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. லிங்க் குடுக்க வழியே இல்லை. அதுல பாதி ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா டப்பா. மீதி சிவகாசி காலண்டர் அட்டை. எல்லாமே சுந்தரபாண்டியத்துல எங்க அம்மா "இருக்கட்டும், உதவும்"னு சேர்த்து வச்சது.

வரி, மியூச்சுவல் ஃபண்ட், இன்சூரன்ஸ்னு பேசுற இடத்துல எதுக்கு வீடு அடுக்குற கதைன்னு தோணலாம். காரணம் இருக்கு. அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

டப்பாவைத் திறந்த நாள்

வத்திராயிருப்புப் பக்கம் எங்க ஊர். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த வீடு. அப்பா நெசவாளி. 2024 ஜூன்ல அப்பா தவறிட்டார். செப்டம்பர்ல ஒரு சனிக்கிழமை, அவரோட பேப்பர்களை எல்லாம் ஒரு இடத்துல சேர்க்கலாம்னு உட்கார்ந்தேன். ஊரெல்லாம் போய் ஆடிட் பண்றவ, சொந்த வீட்டுக் கணக்கை அதுவரைக்கும் ஒரு நாள்கூடப் பார்த்தது கிடையாது.

ரேஷன் கார்டு அரிசி டின் மேல. பட்டா சாமி படத்துக்குப் பின்னாடி. கரண்ட் கார்டு ஆணியில. வங்கி பாஸ்புக் 3, மூணும் மூணு பையில. பரண்ல ஒரு பழைய பால்கோவா டப்பா, மேல ரப்பர் பேண்டு. "அது நூல் துண்டு, தூக்கி வீசாத பாப்பா"ன்னு அம்மா சொன்னாங்க. திறந்தேன். நூல் துண்டுதான். அதுக்கு அடியில நாலா மடிச்ச ஒரு காகிதம். 2 லட்ச ரூபாய்க்கு ஃபிக்சட் டெபாசிட் ரசீது. முதிர்வு தேதி 2021 செப்டம்பர்.

தானாகப் புதுப்பிக்கிற வசதிக்கு அப்பா டிக் பண்ணலை. வங்கியில குடுத்திருந்த போன் நம்பரும் எப்பவோ மாறிப் போச்சு. மூணு வருஷமா அந்தப் பணம் சும்மா கிடந்திருக்கு.

சும்மான்னா முழுக்கச் சும்மா இல்லை. 2021 ஜூலையில ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டு வந்தது. முதிர்ந்த டெபாசிட்டை நாம எடுக்காம, புதுப்பிக்காம விட்டா, அதுக்குப் பிறகு சேமிப்புக் கணக்கு வட்டி அல்லது பழைய ஒப்பந்த வட்டி, ரெண்டுல எது குறைவோ அதுதான் கிடைக்கும். சேமிப்பு வட்டி 3%, புதுப்பிச்சிருந்தா 6%ன்னு வச்சு, காலாண்டுக் கூட்டு வட்டியில போட்டுப் பாருங்க:

- புதுப்பிச்சிருந்தா 3 வருஷ வட்டி: சுமார் 39,100 ரூபாய்
- புதுப்பிக்காம கிடந்ததுக்கு: சுமார் 18,800 ரூபாய்
- நஷ்டம்: 20,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல

இருபதாயிரம் ரூபாயை யாரும் எங்ககிட்ட ஏமாத்தலை. காகிதம் இருக்க வேண்டிய இடத்துல இல்லை, அவ்வளவுதான்.

நல்ல வேளை, நாமினியா அம்மா பேர் இருந்துச்சு. இறப்புச் சான்றிதழ், அம்மாவோட அடையாள ஆவணம், கிளெய்ம் படிவம், இது மட்டும் போதுமா இருந்துச்சு. நாமினி இல்லாம இருந்தா தாசில்தார் ஆபீஸ்ல வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மத்த வாரிசுகள் கையெழுத்து வாங்கின்னு அது வேற அலைச்சல்.

இங்க ஒரு முக்கியமான விஷயம். "உத்கம்"ன்னு ரிசர்வ் வங்கியோட இணையதளம் 2023 ஆகஸ்ட்ல வந்துச்சு. பல வங்கிகள்ல உரிமை கோராமக் கிடக்கிற டெபாசிட்டை ஒரே இடத்துல தேடலாம். நல்ல வசதி, கட்டாயம் ஒரு தடவை தேடிப் பாருங்க. ஆனா அதுல வர்றது 10 வருஷம் யாரும் தொடாம, ரிசர்வ் வங்கியோட நிதிக்கு மாத்தப்பட்ட பணம் மட்டும்தான். எங்க அப்பாவோட டெபாசிட் முதிர்ந்து மூணு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. அது உத்கம்ல வந்திருக்காது. டப்பாவைத் திறந்தாத்தான் உண்டு.

அன்னைக்கு ராத்திரிதான் முடிவு பண்ணேன், இந்த வீட்டை அடுக்கியே ஆகணும்னு.

முதல் தப்பு: முதல்ல டப்பா வாங்குறது

எல்லாரும் பண்றதை நானும் பண்ணேன். போனை எடுத்து டிராயர் ஆர்கனைசர், அடுக்கு டப்பா, மூடி வச்ச கூடைன்னு கார்ட்ல போட்டேன். 3,860 ரூபாய் வந்துச்சு. அம்மா எட்டிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "டப்பாவை வைக்க டப்பா வாங்கப் போறியா பாப்பா?"

கார்ட்டை காலி பண்ணிட்டேன்.

நான் ஆடிட்டுக்குப் போற மில்கள்ல சுவத்துல ஒரு போர்டு மாட்டியிருக்கும், 5 எஸ்-ன்னு. ஜப்பான் தொழிற்சாலைகள்ல உருவான முறை. நம்ம பாஷையில சொன்னா: வேண்டியது வேண்டாதது பிரி, இடம் குறிச்சு அடுக்கு, துடை, எல்லாருக்கும் ஒரே முறையாக்கு, அதை விடாம பழக்கமாக்கு. இதுல "டப்பா வாங்கு"ன்னு ஒரு எஸ் கூட கிடையாது. பிரிக்கிறதுதான் முதல். பிரிச்சு முடிக்கிற வரைக்கும் எத்தனை டப்பா வேணும், என்ன சைஸ் வேணும்னு யாருக்கும் தெரியாது.

ஸ்டாக் எடுங்க

கம்பெனிகள்ல மார்ச் 31 ஆனா சரக்கு எண்ணுவோம். வீட்டுல யாரும் எண்ணுறதில்லை. ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு நோட்டோட உட்கார்ந்து நாங்க எண்ணினோம். கிடைச்சது இது:

- கத்திரிக்கோல் 6
- செல்லோடேப் 5, அதுல 3 பிரிக்கவே இல்லை
- கடுகு பாக்கெட் 4, வெவ்வேறு இடத்துல
- சார்ஜர் வயர் 9, வேலை செய்றது 4
- தேதி முடிஞ்ச மாத்திரை ஒரு கவர் நிறைய
- ஒரே அளவு பல்பு 7

வீட்டுல இருந்தும், கண்ணுக்குத் தெரியாததால கடந்த 6 மாசத்துல மறுபடி வாங்கினது எவ்வளவுன்னு கூட்டிப் பார்த்தேன். 2,340 ரூபாய். மாசத்துக்கு 390. பெரிய தொகையான்னு கேட்டா இல்லை. ஆனா இதுக்கு நம்ம பட்ஜெட்ல ஒரு வரி கூட இருக்காது. மளிகைன்னு ஒரு பேர்ல மறைஞ்சு போயிடும்.

அதனால என் கணக்குல வீட்டை அடுக்குறதுக்கு அழகு காரணம் இல்லை. இருக்கிறது கண்ணுல படணும். அது போதும்.

எதை எதுக்கு மாத்தினோம்

1. பால்கோவா டப்பா: டிராயர் தடுப்பு. எங்க பக்கம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் வீட்டுக்கு ஒரு டப்பா வந்துடும். பிளாஸ்டிக் டப்பாவை மூடியைக் கழட்டிட்டு டிராயருக்குள்ள வரிசையா வச்சா, ஊசி நூல், பேட்டரி, சாவி, ரப்பர் பேண்டு எல்லாத்துக்கும் தனித்தனி அறை. அட்டைப் பெட்டியா இருந்தா ஜாக்கிரதை. நெய் ஊறினது எவ்வளவு துடைச்சாலும் எறும்பு வரும். அதைப் போட்டுடுங்க.

2. காலண்டர் அட்டை: ஃபைல் தடுப்பு. ஜனவரி ஆனா தினசரி காலண்டரோட பழைய அட்டை ஒவ்வொரு வீட்லயும் மிஞ்சும். கெட்டியான அட்டை, லேசுல வளையாது. ஃபைலுக்குள்ள பிரிவு பிரிக்க, புடவை அடுக்குக்கு நடுவுல நிக்க வைக்க, சின்னதா வெட்டி தலைப்பு எழுத, எல்லாத்துக்கும் ஆகும். கல்யாணப் பத்திரிகைக் கவரையும் விடாதீங்க. சின்ன ரசீது போட்டு வைக்க அதைவிட நல்ல கவர் கடையில கிடைக்காது.

3. நூல் கோன்: வளையல், வயர். நெசவு வீட்டுலயும் மில் பக்கத்து வீட்டுலயும் காலி கோன் கிடக்கும். கீழ அகலம், மேல குறுகல். நிக்க வச்சு வளையலைக் கோர்த்தா ஒண்ணோட ஒண்ணு மோதாது. சார்ஜர் வயரை அதுல சுத்தி வச்சா சிக்கே விழாது. நூலைச் சுத்தத்தானே அது பிறந்ததே! கோன் இல்லாத ஊர்ல இருக்கீங்களா, டிஷ்யூ ரோல் உள்ளே இருக்கிற அட்டைக் குழலை எடுத்துக்கோங்க.

4. பழைய பருத்திச் சேலை: சுருக்குப் பை. ஒரு சேலையில நடுத்தர அளவு பை 8 தைச்சோம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்குக்கு அது நல்லது, காத்து போகும். பாலியஸ்டர் சேலையில தைக்காதீங்க, வேர்த்து அழுகிடும். தையல் தெரியாதவங்க பழைய தலையணை உறையை அப்படியே பயன்படுத்தலாம். இன்னொரு வழி: பெட்ஷீட் செட்டை மடிச்சு, அதோட உறை ஒண்ணுக்குள்ளயே போட்டு அடுக்குங்க. ஜோடி தேட வேண்டாம்.

5. பேன்ட் கால்: கவர் குழாய். கிழிஞ்ச பேன்ட்டோட ஒரு காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி, ரெண்டு பக்கமும் எலாஸ்டிக் வச்சுத் தைச்சு ஆணியில மாட்டுங்க. மேல துணிப்பையைத் திணிச்சு, கீழ உருவலாம். கடைக்குக் கிளம்பும்போது பை கையில வந்தா, கடையில 10 ரூபாய் குடுத்துப் பை வாங்க மாட்டோம்.

6. கண்ணாடி பாட்டில்: மளிகை. காபித்தூள், ஊறுகாய், சத்துமாவு பாட்டில்கள். வெந்நீர்ல ஊறப்போட்டு லேபிளை உரிச்சு, நல்லா வெயில்ல காய வச்ச பிறகு நிரப்புங்க. இதுல ஒரு கணக்கு வழக்கத்தைச் சேருங்க: முதல்ல வந்தது முதல்ல போகணும். புதுசு பின்னாடி, பழசு முன்னாடி. பாக்கெட்ல இருந்த தேதியைக் கத்திரிச்சு பாட்டில் அடியில ஒட்டிடுங்க. கடுகு நாலு பாக்கெட் ஆகாது.

7. அரிசிப் பை: 25 கிலோ பையை வாய் மடிச்சுத் தைச்சா அழுக்குத் துணிக் கூடை. வெட்டி விரிச்சா அலமாரித் தட்டுக்கு விரிப்பு, ஈரத் துணியால துடைச்சாப் போதும்.

மொத்தச் செலவு: எலாஸ்டிக், கொக்கி, பசை, மார்க்கர் பேனா சேர்த்து 185 ரூபாய். பழைய இரும்புக் கடையில போட்டது மூலமா வந்தது 640 ரூபாய். வரவு மிச்சம் 455!

எதை மாத்தக் கூடாது

சிக்கனம் ஆபத்தா மாறக் கூடாது. இந்த அஞ்சு விஷயத்துல பிடிவாதமா இருங்க.

1. பூச்சிமருந்து வந்த டப்பா, கேன் எதையும் எந்த வேலைக்கும் வீட்டுக்குள்ள எடுக்காதீங்க. விவசாய வீடுகள்ல இது சகஜமா நடக்குது.
2. பெயிண்ட் வாளியில துணி வைக்கலாம், செடி வைக்கலாம். குடிக்கிற தண்ணி, அரிசி, மாவு வைக்கக் கூடாது.
3. குளிர்பான பாட்டில்ல ஆசிட், ஃபினாயில் ஊத்தி வைக்காதீங்க. குழந்தைக்கு லேபிள் தெரியாது, பாட்டில்தான் தெரியும்.
4. செய்தித்தாள்ல நேரடியா உணவை வைக்காதீங்க. அச்சு மை உணவுல ஒட்டும்னு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 செப்டம்பர்லயும் எச்சரிச்சது.
5. மாத்திரையை வேற டப்பாவுக்கு மாத்தாதீங்க. பேரும் தேதியும் அட்டையோடதான் இருக்கணும்.

ஆறாவதா ஒண்ணு, இது எங்க வீட்டுல சண்டை வந்த விஷயம். "உதவும்"னு எடுத்து வைக்கிறதுக்கும் குப்பை சேர்க்கிறதுக்கும் நடுவுல ஒரு கோடு வேணும். எங்க வீட்டுல 43 காலி டப்பா இருந்துச்சு. 43 வேலை இருந்துச்சான்னா இல்லை. கடைசியில ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். காலி டப்பாவுக்குன்னு ஒரே ஒரு கோணி. அது நிறைஞ்சா, புதுசா ஒண்ணு உள்ள வரணும்னா பழசு ஒண்ணு வெளிய போகணும். அம்மா மூணு நாள் முகம் குடுத்துப் பேசலை. நாலாம் நாள் அவங்களே 17 டப்பாவைப் பொறுக்கி எடுத்து வச்சாங்க.

இனி முக்கியமானது: காகிதம்

சமையலறை அடுக்குனா நூறு, இருநூறு மிச்சம். காகிதம் அடுக்குனா ஆயிரம், லட்சம் மிச்சம். ஒரு டிரங்குப் பெட்டி, காலண்டர் அட்டையில 5 தடுப்பு. இவ்வளவுதான் தேவை.

- ஆள்: ஆதார், பான், பிறப்பு, சாதி, படிப்புச் சான்றிதழ்
- சொத்து: பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, கட்டட பில்
- பணம்: டெபாசிட் ரசீது, பாஸ்புக், பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்ட் விவரம்
- இன்சூரன்ஸ்: ஆயுள், மருத்துவம், வண்டி
- வரியும் பில்லும்: ரிட்டர்ன் நகல், நகை பில், வாரண்டி

கட்டட பில் எதுக்குன்னு கேப்பீங்க. 2015-ல 6 லட்சம் செலவு பண்ணி மாடி கட்டினீங்கன்னு வைங்க. பின்னாடி ஒரு நாள் வீட்டை விக்கும்போது அந்த 6 லட்சத்தை லாபத்துல கழிக்கலாம். ஆதாரம் இல்லைன்னா கழிக்கிறது கஷ்டம். 2024 ஜூலை 23 முதல் நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5%. ஆக அந்த பில் கட்டோட மதிப்பு 75,000 ரூபாய், செஸ் தனி. நகை பில்லும் இதே கணக்குத்தான். எவ்வளவுக்கு வாங்கினோம்னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு நம்ம தலையில இருக்கு.

இன்னும் நாலு குறிப்பு:

- கடை பில் பல இடத்துல வெப்பத்தாள்ல வருது. நாளடைவுல எழுத்து மங்கிப் போயிடும். வாங்கின அன்னைக்கே போட்டோவும் ஜெராக்ஸும் எடுங்க.
- பத்திரத்தை லேமினேட் பண்ணாதீங்க. முத்திரையும் கையெழுத்தும் சரிபார்க்க வேண்டி வரும்.
- பாஸ்புக்ல வருஷா வருஷம் 20 ரூபாய், 436 ரூபாய் பிடிச்சிருக்கான்னு பாருங்க. 20 ரூபாய் பிரதமரின் விபத்துக் காப்பீடு, 436 ஆயுள் காப்பீடு. ரெண்டுமே 2 லட்சம் வரைக்கும். இதை எடுத்ததே தெரியாம கிளெய்ம் பண்ணாம விட்ட குடும்பங்களை நானே பார்த்திருக்கேன்.
- எல்லா டெபாசிட்டுக்கும் நாமினி இருக்கான்னு பாருங்க. 2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு 4 பேர் வரை நாமினி போடலாம்.

பெட்டியோட மூடி உள்பக்கம் ஒரே ஒரு தாள் ஒட்டுங்க. எந்த வங்கி, எந்தக் கிளை, எப்ப முதிர்வு, எந்தப் பாலிசி, எந்தத் தடுப்புல. பாஸ்வேர்டு, பின் நம்பர் எதையும் அதுல எழுத வேண்டாம். இந்தத் தாள் எங்க இருக்குன்னு வீட்டுல இன்னொருத்தருக்காவது தெரியணும். எங்க அப்பாவுக்கு எல்லாம் தெரியும். அவருக்கு மட்டும் தெரியும். அதுதான் பிரச்சினை.

மிச்சமான காசு எங்க போகணும்?

மிச்சமாகுற பணத்துக்கு உடனே ஒரு இடம் குடுக்கலைன்னா அது வேற செலவுல கரைஞ்சிடும். மாசம் 390-ஐ 400 ஆக்கி, அம்மா பேர்ல தபால் நிலையத்துல 5 வருஷ ஆர்.டி. போட்டோம். 6.7% வட்டியில கட்டுறது 24,000, முடிவுல வர்றது சுமார் 28,500. இதை வச்சுப் பணக்காரர் ஆக முடியாதுதான். ஆனா வருஷக் கடைசியில "எங்க போச்சுன்னே தெரியலை"ன்னு சொல்ற பணம் இது. இப்ப எங்க இருக்குன்னு தெரியுது.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்க. வீடு முழுக்க அடுக்க வேண்டாம். பரண்ல, பீரோ மேல, சாமி அலமாரியில இருக்கிற மூடின டப்பாக்களை மட்டும் ஒண்ணொண்ணா திறந்து பாருங்க. அப்பா அம்மா இருக்கும்போதே, அவங்க பக்கத்துல உட்கார்ந்து திறங்க. "இது என்னப்பா"ன்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்கணும். எனக்கு அது வாய்க்கலை.

கடைசியா ஒண்ணு. டிரங்குப் பெட்டியைத் தரையில வைக்கக் கூடாது, எங்க பக்கம் கரையான் அதிகம். உயரமா வைக்க ஸ்டாண்டு வாங்கலாமான்னு யோசிச்சப்போ, அம்மா கொல்லையிலிருந்து ஒரு பலகையைத் தூக்கிட்டு வந்தாங்க. அப்பா தறியில உட்கார்ந்து நெய்த பலகை. வேப்பெண்ணெய் தடவி, நாலு செங்கல் மேல வச்சோம். இப்ப வீட்டோட மொத்தக் கணக்கும் அது மேலதான் உட்கார்ந்திருக்கு.